'நம்' என்பதா, 'எங்கள்' என்பதா?
பருவநிலைப் போராட்டத்தின் சொற்கள் பற்றி

தெருவில் ஏந்திச் செல்லும் அட்டையில் எழுதிய ஒரு வரி இலக்கியத் திறனாய்வுக்கு உரிய பொருளாகுமா என்று இம்மலரைக் கையிலெடுக்கும் அன்பர் சிலர் ஐயுறக்கூடும். காப்பியமும் கவிதையும் சிறுகதையும் ஆராயப்படும் பக்கங்களில் முழக்கத்துக்கும் பதாகைக்கும் என்ன வேலை என்று கேட்கவும் கூடும். சொல்லைத் தேர்ந்து, கேட்போர் நெஞ்சில் ஒன்றை நிறுத்த முயலும் எதுவும் ஆராயத்தக்கதே என்பது எம் துணிபு. அதிலும், பல நாடுகளில் ஒரே நாளில் இலட்சக்கணக்கானோர் ஏந்தி நின்ற சொற்கள் நல்ல சொற்கள்தாமா, சொல்ல வந்ததைச் சொல்லினவா என்று சற்று நின்று பார்ப்பது, நல்ல வெண்பா ஒன்றை அலகிட்டுப் பார்ப்பதற்குக் குறைந்த பணியன்று.

இக்கட்டுரைக்கு வித்து, 2019 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்து மாலை ஒன்றில் விழுந்தது. அப்போது எம் மகள் ஒன்பதாம் வகுப்பில் பயின்றுவந்தாள். அம்மாதம் 20 ஆம் நாள் வெள்ளிக்கிழமை, உலகெங்கும் மாணவர் பள்ளி நீங்கிப் பருவநிலைக்காகத் தெருவில் கூடப்போகின்றனர் என்னும் செய்தி தலைநகர்ப் பள்ளிகளிலும் பரவியிருந்தது. அரசுக் குடியிருப்பில் எம் வீட்டுக் கூடத்தில் நான்கு பெண்கள் அட்டை வெட்டி வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தனர். எதிர்காலத்தை எரிக்காதீர் என்னும் பொருளில் ஆங்கிலத் தொடர் ஒன்று. அதனை ஒவ்வொருத்தியும் தன் தாய்மொழியில் எழுத வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. ஆங்கிலத்தில் 'எதிர்காலம்' என்பதற்கு முன்னே தன்மைப் பன்மை உடைமைச் சொல் ஒன்று இருந்தது. மாடிவீட்டு இந்தி பேசும் பெண் 'ஹமாரா' என்று நொடியில் எழுதி முடித்தாள். எம் மகள் தூரிகையோடு எம்மிடம் வந்தாள்.

"'நம் எதிர்காலம்' என்பதா, 'எங்கள் எதிர்காலம்' என்பதா, அப்பா?"

தில்லியில் பிறந்து, வீட்டில் மட்டுமே தமிழ் பேசி, சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுதப் பழகிய பெண் அவள். பி.ஏ. பட்டமும், பதினைந்தாண்டுகள் கோப்பு எழுதிய பழக்கமும் உடைய யாம், உடனே விடை கூற இயலாது நின்றோம்.

தமிழறிந்தார்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. முன்னிலையை உளப்படுத்தும் பன்மை, உளப்படுத்தாப் பன்மை என்று நம் இலக்கணம் இதனைத் தெளிவாகப் பிரித்து வைத்துள்ளது. விருந்தினரை அழைக்கையில் 'நம் வீட்டுக்கு வாருங்கள்' என்று சொல்வதன் இனிமை இதனால் பிறப்பதே. பாகப் பிரிவினையில் 'எங்கள் நிலம்' என்று ஒருவன் சொன்னவுடன் எதிரே நிற்கும் பங்காளியின் முகம் மாறுவதும் இதனாலேயே. தெலுங்கிலும் மலையாளத்திலும் இப்பிரிவு உண்டு; மராத்தியிலும் குசராத்தியிலும்கூட உண்டு. நாள்தோறும் அலுவலகத்தில் யாம் புழங்கும் இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் மேடையேறுபவர் ஒரு தொடரின் தொடக்கத்தில் அனைவரையும் அணைத்துக்கொண்டு, முடிவில் பாதிப்பேரை வாயிலுக்கு வெளியே விட்டுவிட இயலும். கேட்போர் அதனைக் கவனிக்கமாட்டார். தமிழில் எழுதுபவரோ முதற்சொல்லிலேயே தேர்ந்தாக வேண்டும். (இக்கட்டுரையில் யாம் 'யாம்' என்றே எழுதி வருவதும் உளப்படுத்தாப் பன்மையே. எம் கருத்துக்குள் படிப்போரைக் கேளாமல் இழுத்துக்கொள்ளும் எண்ணம் எமக்கில்லை.)

இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு அண்மைக் காலத்துப் பருவநிலைப் போராட்டங்களின் சொற்களைக் காண்போம்.

இவற்றுள் முதலில் வைத்துப் போற்றத்தக்கது, 2018 ஆகஸ்ட் 20 ஆம் நாள் சுவீடன் நாட்டு நாடாளுமன்றத்தின் வெளியே, 15 வயதுச் சிறுமி கிரேட்டா துன்பர்க் தனியே அமர்ந்து சுவரில் சாய்த்து வைத்திருந்த அட்டை. சுவீடிய மொழியில் மூன்றே சொற்கள். பருவநிலைக்காகப் பள்ளி வேலைநிறுத்தம் என்பது பொருள். அதில் தன்மையும் இல்லை, முன்னிலையும் இல்லை. உருவகம் இல்லை, உணர்ச்சிச் சொல் இல்லை. என்ன செய்யப்படுகிறது, எதற்காக என்பது மட்டுமே உண்டு. அந்நாட்டுத் தேர்தல் செப்டம்பர் 9 இல் நடைபெறவிருந்தது, அதுவரை பள்ளி நாள்தோறும் அமர்ந்தாள், பின்னர் வெள்ளிக்கிழமைதோறும். யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதனை அவள் அமர்ந்த இடமே சொல்லிவிட்டது. வாக்குக் கேட்டு வருவோர் அவ்வழியேதான் உள்ளே சென்றாக வேண்டும். இதனினும் சிக்கனமான எழுத்தை யாம் கண்டதில்லை. ஓராண்டு கழிந்து அதே சிறுமிக்குத் துணையாக, ஏற்பாட்டாளர் கணக்கின்படி, ஏறத்தாழ 40 இலட்சம் பேர் ஒரே நாளில் உலகெங்கும் தெருவில் நின்றபோது, அட்டைகளில் நகைச்சுவையும் சிலேடையும் பெருகின, படமெடுப்போர்க்கு விருந்தாயின. ஆயினும் அம்மூன்று சொல்லின் திட்பம் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வாய்க்கவில்லை.

அதற்கு நான்காண்டுகள் முன்னர், 2014 செப்டம்பர் 21 ஆம் நாள், நியூயார்க் நகரில் பெரும் பேரணி ஒன்று நடைபெற்றது. 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நடந்தனர் என்பர் அதனைக் கூட்டியோர். எல்லாவற்றையும் மாற்ற எல்லோரும் வேண்டும் என்பது அதன் முழக்கம். கேட்க இனிமையானது, ஐயமின்றி 'நாம்' என்னும் வகையைச் சேர்ந்தது. ஐக்கிய நாடுகள் அவையின் அன்றைய பொதுச்செயலாளர் பான் கி மூனும் அக்கூட்டத்தோடு நடந்தார். இரண்டு நாள் கழித்துத் தலைவர்களைக் கூட்டிப் பருவநிலை பற்றிப் பேசவைக்க இருந்தவரும் அவரே. மனுவைப் பெற்றுக்கொள்ள வேண்டியவரும் மனு கொடுப்போர் வரிசையில் நின்றுவிட்டால், மனு யார் மேசைக்குப் போய்ச் சேரும்? அலுவலக வாழ்வில் பழகிய எமக்கு இவ்வினாவைத் தவிர்க்க இயலவில்லை. 'நாம்' என்னும் சொல்லின் அன்பு, கோரிக்கையின் கூர்மையை மழுக்கிவிடுகிறது. எல்லோரும் பொறுப்பு என்று சொல்லப்படும் கோப்பினை எந்தப் பிரிவும் தன்னதென்று எடுத்துக்கொள்வதில்லை என்பதை அரசுப் பணியில் உள்ள அன்பர் அனைவரும் அறிவர்.

இதற்கு நேர் எதிராக நிற்பது, 2019 செப்டம்பர் 23 அன்று அதே நியூயார்க் நகரில் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் கிரேட்டா ஆற்றிய சிற்றுரை. சில நிமிடங்களே நீண்டது. அதனை வெறும் சினம் என்று ஒதுக்கியோர் பலர். கண்ணீரை மட்டும் கண்டு நெகிழ்ந்தோர் அதனினும் பலர். இருசாராரும் உரையைப் படிக்கவில்லை என்றே கருதுகிறோம். எதிரிலிருப்போரின் துணிவைப் பழிக்கும் வினா ஒன்று அதில் மீண்டும் மீண்டும் வருவது உண்மை. ஆயின் அவ்வுரையின் நடுப்பகுதி முழுதும் கணக்கு. உலக வெப்பம் 1.5 பாகைக்குள் நிற்க 67 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமெனில், 2018 சனவரி முதல் நாளன்று உலகம் இனி வெளியிடக்கூடிய கரியமில வாயு 420 ஜிகா டன். அவள் பேசும் நாளில் அது 350 க்கும் கீழே இறங்கிவிட்டது. அன்றைய வேகத்தில் சென்றால் எட்டரை ஆண்டுக்குள் முற்றும் தீரும். இஃது வரவு செலவுக் கணக்கு. செலவினப் பிரிவில் பணியாற்றுவோர்க்கு, ஒதுக்கீடு தீர்ந்தபின் செலவு செய்ய இயலாது என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவையோர் அதனைக் கவிதையாகக் கேட்டுக் கைதட்டினர். கணக்காகக் கேட்டிருந்தால் கை எழுந்திராது.

அவ்வுரையில் தன்மைப் பன்மை தெளிவாக 'நாங்கள்', முன்னிலை 'நீங்கள்'. மொழிபெயர்ப்பவர்க்கு ஐயமே எழாது. எழுத்தென்ற முறையில் இஃது அதன் வலிமை. அதன் குறையும் இங்கேயே தொடங்குகிறது என்பது எம் கருத்து. அந்த 'நாங்கள்' என்பதில் அடங்குவோர் யார்? உலகின் இளையோர் அனைவரும் என்று பேசப்படுகிறது. சுவீடன் நாட்டுப் பிள்ளையும், கடல்நீர் புகுந்து வயல் உப்பாகிய சுந்தரவனத்துப் பிள்ளையும் அச்சொல்லுக்குள் அருகருகே அமர்த்தப்படுகின்றனர். ஆண்டொன்றுக்கு ஓர் அமெரிக்கர் பங்குக்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயு. ஓர் இந்தியர் பங்குக்கு ஏறத்தாழ 2 டன். வயது ஒன்றாயிருப்பதனால் பொறுப்பும் ஒன்றாகிவிடுமா?

இக்கேள்வியை அயல்நாட்டாரிடம் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வது நம்மவர்க்கு எளிது. அந்த 2 டன் என்பதும் ஒரு சராசரியே. எம் குடியிருப்புக்கு எதிரே அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. மே மாதத்து நண்பகலில் தகரக் கொட்டகையில் படுத்திருக்கும் சித்தாளின் பிள்ளைக்கும், குளிர்சாதன அறையில் பாடம் படிக்கும் எழுத்தர் வீட்டுப் பிள்ளைக்கும் 'எங்கள் எதிர்காலம்' ஒன்றன்று. 2019 செப்டம்பரில் எம் வீட்டுக் கூடத்தில் அட்டை எழுதிய நால்வருள் அந்தக் கொட்டகைப் பிள்ளை எவரும் இல்லை. இதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. திறனாய்வாளன் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. (ஆண்டுவிழா அரங்கில் குளிர்சாதனம் போதவில்லை என்று செயற்குழுவுக்குக் கடிதம் எழுதியோருள் யாமும் ஒருவர் என்பதனையும் இங்கே பதிவு செய்துவிடுகிறோம்.)

நாடுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையின் மொழியும் இதே சிக்கலில் உழன்றிருக்கிறது என்பது நோக்கத்தக்கது. 1992 ஆம் ஆண்டு, இரியோ மாநாட்டையொட்டிக் கையெழுத்தான பருவநிலை உடன்படிக்கையில் ஒரு தொடர் உண்டு: பொதுவான, ஆயினும் வேறுபட்ட பொறுப்புகள். தூதுவர்கள் பல நாள் இருந்து சமைத்த தொடர். 'பொதுவான' என்னும்போது 'நாம்'. 'வேறுபட்ட' என்னும்போது 'நாங்கள்', 'நீங்கள்'. நம் மொழியில் இரண்டு மாற்றுப் பெயர்கள் செய்யும் வேலையைச் செய்ய, அவர்களுக்கு ஓர் 'ஆயினும்' வேண்டியிருந்தது. அந்த 'ஆயினும்' என்பதன் எடையைப் பற்றியே முப்பதாண்டுகளுக்கு மேலாகச் சண்டை நடந்து வருகிறது.

வரைவு எழுதிப் பிழைப்பவர் என்ற முறையில் மேலும் இரண்டு சொற்களைப் பற்றிக் கூறாமல் விட இயலாது. 2015 திசம்பர் 12, பாரிசு மாநாட்டின் இறுதி நாள். வளர்ந்த நாடுகள் வெளியேற்றத்தைக் குறைப்பதில் முன்னின்று செயல்படுதல் பற்றிய பிரிவில் 'ஷால்' என்று அச்சாகியிருந்தது. அது கட்டாயம் என்று பொருள்படும் எனக் கண்டு அமெரிக்கா உடன்பட மறுத்தது. அச்சுப்பிழைத் திருத்தங்களை வாசிக்கும் வரிசையிலேயே அது 'ஷுட்' என்று மாற்றப்பட்டது. ஒரு சொல்லில் கடமை கடப்பாடற்ற அறிவுரையாயிற்று. அடுத்தது 2021 நவம்பர் 13, கிளாஸ்கோ. நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக ஒழித்தல் என்றிருந்த வரைவு, கடைசி அமர்வில் படிப்படியாகக் குறைத்தல் என்றாயிற்று. திருத்தத்தை முன்மொழிந்தது இந்தியா. அதுபற்றிக் கருத்துரைக்க 1964 ஆம் ஆண்டு நடத்தை விதிகள் எம்மை விடா. சொல் மாறியதை மட்டும் குறிக்கிறோம். நிலக்கரியைச் சுட்டியவர்கள் எண்ணெயையும் எரிவாயுவையும் ஏன் சுட்டவில்லை என்ற வினா நேர்மையானதே என்பதனைச் சொல்லுவதற்கு எவ்விதியும் தடையாகாது என நம்புகிறோம்.

அதே கிளாஸ்கோ நகரில், நவம்பர் 6 ஆம் நாள், கொட்டும் மழையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் பேரணியாகச் சென்றனர் என்று ஏற்பாட்டாளர் கூறினர். ஒரு வாரம் கழித்து மண்டபத்துக்குள் ஒற்றைச் சொல் மாறியபோது, வெளியே ஒலித்த முழக்கங்களில் எதுவும் அச்சொல்லைக் காத்து நிற்கவல்லதாக இல்லை. நீதி வேண்டும், செயல் வேண்டும், இப்போதே வேண்டும் என்று கூவுவதில் நெஞ்சின் வேகம் உண்டு. எந்தப் பிரிவில் எந்தச் சொல் வேண்டும் என்பது அதில் இல்லை. பெருந்திரளின் எழுத்தில் எமக்குள்ள முதன்மையான குறை இதுதான்.

இக்குறையைத் தாண்டியோர் உளர். பசிபிக் பெருங்கடலில் வனுவாட்டு என்னும் தீவு நாடு. அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் பயின்ற 27 மாணவர்கள், 2019 இல், வகுப்புப் பயிற்சியாகத் தொடங்கிய ஓர் எண்ணத்தை விடாது பற்றிக்கொண்டனர். அனைத்துலக நீதிமன்றத்திடம் ஒரு வினாவை எடுத்துச் செல்ல வேண்டும் என்பது அவ்வெண்ணம். பருவநிலையைக் காப்பதில் நாடுகளின் சட்டக் கடமை என்ன? கடமை தவறியதால் ஊறு விளைந்தால் பின்விளைவு என்ன? வினா இவ்வளவே. வனுவாட்டு அரசு அதனை ஏற்றது. பிற நாடுகள் துணைநின்றன. 2023 மார்ச் 29 இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை வாக்கெடுப்பின்றி அதனை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 சூலை 23 இல் நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரைத்தனர். நாடுகளுக்குக் கடமை உண்டு. தவறினால் அது சட்டப்படி தவறே. நிறுத்தவும், நேர்ந்த ஊறு அத்தவற்றால் விளைந்ததென்று காட்டப்படுமிடத்து ஈடுசெய்யவும் வேண்டிவரும். அறிவுரைக் கருத்தே ஆயினும், உலகின் மிக உயர்ந்த மன்றம் கூறியது. 27 பேர் எழுதியதற்கும் இலட்சம் பேர் கூவியதற்கும் வேறுபாடு கல்வியில் இல்லை; வினா எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை முன்னரே தேர்ந்ததில் இருக்கிறது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2019 இல் அத்தனை இலட்சம் பேர் தெருவில் நின்றிராவிட்டால், அம்மாணவர் சொல்லுக்கு அவ்வளவு விரைவில் செவி கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

நம் நாட்டிலும் அரித்துவாரத்துச் சிறுமி ரித்திமா பாண்டே தன் ஒன்பதாம் வயதில், 2017 இல், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தாள். நடைமுறையிலுள்ள சட்டத்தின் கீழேயே இவை கவனிக்கப்படும் என்ற போக்கில் 2019 இல் அது முடித்து வைக்கப்பட்டது. கோப்பு முடிக்கும் நடை எமக்குப் பழக்கமானதாகையால் வியப்பு ஏற்படவில்லை. 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம், கானமயில் பற்றிய வழக்கொன்றில், பருவநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21 ஆம் பிரிவுகளில் அடங்கும் என்று கூறியது. சிறுமி கேட்டபோது கிடைக்காத சொல், பறவையின் பெயரால் வந்த வழக்கில் கிடைத்தது.

ஆட்சியாளரை வானத்துக்குப் பொறுப்பாக்கிப் பேசுவது புதுவழக்கமன்று. புறநானூற்றின் 35 ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார், சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை நோக்கிப் பேசுகிறார். பாட்டின் அமைப்பை ஒரு மனுவாகக் கொண்டு பாருங்கள். முதலில் அரசனின் நாடும் வளமும். அடுத்து, நான் சொல்வதனைக் கேள் என்னும் முன்னிலை. முறைவேண்டி வருவோர்க்கு எளியனாய் இருக்கும் அரசனைப் பெற்றவர், மழைத்துளி வேண்டிய பொழுதில் மழையே பெற்றவர் போல்வர் என்கிறார். அரசனின் குடை வெயில் மறைக்கப் பிடித்ததன்று, வருந்திய குடிகளை மறைக்கப் பிடித்தது என்கிறார். படை பெறும் வெற்றியும் உழுபடையின் பயனே என்கிறார். பின்னரே வருகிறது எச்சரிக்கை: மழை பொய்த்தாலும், விளைவு குன்றினாலும், இயல்பல்லாதன மக்கள் தொழிலில் தோன்றினாலும், உலகம் பழிப்பது அரசரையே. அதன்பின் கோரிக்கை: உழுவாரின் சுமையைக் காத்து, அவர்வழியே குடியைக் காப்பாயாக. பாட்டின் அடிக்குறிப்பு பயனையும் பதிந்துவைத்துள்ளது. பழைய நிலவரிக் கடன் நீக்கப்பட்டது. பெறுநர், காரணம், கோரிய தீர்வு, ஆணை, நான்கும் ஒரே ஏட்டில்.

நாகனார் கூட்டம் சேர்த்துப் போகவில்லை. 'நாம்' என்று அரசனோடு தம்மைக் கலக்கவும் இல்லை. 'நாங்கள்' என்று உழவராகத் தம்மை வேடமிட்டுக்கொள்ளவும் இல்லை. தம்மை ஒருமையில் நிறுத்தி, உழவரைப் படர்க்கையில் வைத்து, அரசனை முன்னிலையில் நிறுத்துகிறார். துன்புறுவோர் யார், செய்ய வேண்டியவர் யார் என்பதில் குழப்பமே எழவில்லை. இற்றைப் பதாகை எழுதுவோர் இதனைக் கற்கலாம் என்று கருதுகிறோம். ஒரு வேறுபாடும் உண்டு. அன்று மழை பொய்த்தமைக்கு அரசன் காரணமல்லன். பழி மட்டுமே அவனுடையது. தொழிற்புரட்சிக்கு முன்னர் காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்காய் இருந்த கரியமில வாயு, இன்று 420 ஐக் கடந்துவிட்டது. ஆலை, மின்நிலையம், வாகனம், காடழிப்பு இவற்றால் வந்தது. அவற்றுக்கு உரிமமும் மானியமும் வழங்கியவை அரசுகள். 2024 ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் முதன்முறையாக 1.5 பாகை வரம்பைத் தாண்டிற்று. புலவர் வழக்காகச் சொன்னது கணக்காகிவிட்டது.

2023 திசம்பர் 17, 18 ஆம் நாட்களில் தாமிரபரணிக் கரையில் பெய்த மழையைத் தென்மாவட்டத்து அன்பர் எவரும் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. திருவைகுண்டத்தில் தொடர்வண்டி ஒன்று நூற்றுக்கணக்கான பயணியரோடு நின்றுபோனது. எம் தாயார் அங்கே ஆற்றையொட்டிய சிற்றூரில் தனியே இருந்தார். இரண்டு நாள் தொலைபேசி இணைப்பு இல்லை. தில்லியில் குளிரில் அமர்ந்து மணிக்கொருமுறை எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவன், "ஆச்சி மச்சுல இருக்காவ, ஒண்ணும் பயமில்ல" என்று சொன்னபோதுதான் மூச்சு வந்தது. ஒரு மழையைக் கொண்டு வழக்கை முடிவு செய்ய இயலாது. அறிவியலாரும் அவ்வாறு சொல்வதில்லை. வெப்பமேறிய காற்று மிகுந்த நீரைச் சுமக்கும், பெருமழை மேலும் பெருகும் என்பது மட்டும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அவ்விரண்டு நாளும் எம் வாயில் வந்த சொல் 'எங்கள் ஊர்' என்பதே. எதிர்வீட்டுப் பஞ்சாபியர் அன்போடு கேட்டறிந்தார். ஆயினும் அவரிடம் 'நம் ஊர்' என்று சொல்ல நா எழவில்லை.

2019 க்குத் திரும்புவோம். அன்று மாலை யாம் நெடுநேரம் எண்ணி, 'நம்' என்று எழுது என்றோம். 'எங்கள்' என்றால் பெரியோரைப் பகைப்பதாகும். 'நம்' என்பதே பண்பு. பூமி அனைவர்க்கும் பொது என்று காரணமும் கூறினோம். மகள் எழுதினாள். வெள்ளிக்கிழமை காலை, யாம் அலுவலகம் புறப்படும்போது பார்த்தால், 'நம்' என்பதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி 'எங்கள்' என்று எழுதியிருந்தாள். ஏனென்று கேட்டோம்.

"நீங்கள் வரப்போவதில்லையே, அப்பா. பிறகு எப்படி 'நம்' என்று எழுதுவது?"

இலக்கணத்தில் பிழையில்லை. விதிகளை எடுத்துச் சொன்னோம். அரசூழியர் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்வதிலுள்ள இடர்ப்பாடுகளை விளக்கினோம். அவள் கேட்டுக்கொண்டே காலணி மாட்டினாள்.

இப்போது அவள் கல்லூரி முடிக்கும் நிலையில் இருக்கிறாள். 2024 மே மாத இறுதியில், தில்லி கடும் வெப்பத்தில் வாடியபோது, கட்டடத் தொழிலாளர்க்கு நண்பகல் 12 முதல் 3 மணிவரை ஊதியம் குறையாத ஓய்வு தர வேண்டுமெனத் துணைநிலை ஆளுநர் பணித்ததைச் செய்தித்தாளில் படித்திருந்தாள். அடுத்த கோடையில், எம் குடியிருப்புக்கு எதிரேயுள்ள கட்டடப் பணியிடத்தில் அவ்வோய்வு கிடைக்கவில்லை என்று அறிந்து, தோழியரோடு அங்குள்ளோரிடம் பேசி, இந்தியில் ஒரு மனு எழுதினாள். தொழிலாளர் எண்ணிக்கை, வேலை நேரம், குடிநீர் இருக்கும் தொலைவு, கேட்கும் நேர மாற்றம், எந்த நாள் முதல் என்பன அதில் இருந்தன. திருத்தித் தருமாறு எம்மிடம் நீட்டினாள். பெறுநரின் பதவிப்பெயர் பிழையாயிருந்தது; யாருக்கு நகல் அனுப்ப வேண்டும் என்பது விடுபட்டிருந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தோம். கீழே தொழிலாளர் பதினெட்டுப் பேரின் கைந்நாட்டும் ஒப்பமும், குடியிருப்பில் வாழ்வோர் சிலரின் ஒப்பமும் இருந்தன. எம் பெயருக்கென்று ஒரு வரியை வெறுமையாக விட்டிருந்தாள். எந்த விதி தடுக்கும் என்று பார்த்துச் சொல்வதாகக் கூறினோம். மறுநாள் காலை அவ்வரி வெறுமையாகவே மனு சென்றது.